இறங்க மறுத்த பாய்

ஷட்டர் சடசடவென்று இறங்கியபோது வேதசிரோமணி பாய்மரத்தின் அடி ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கொண்டி மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு பூட்டு. பிறகு எதுவுமில்லை.

"காத்துல இறங்கியிருக்கும் சார்," என்றான் அரிகிருஷ்ணன்.

"காத்து பூட்டு போடுமா?"

"பொழிச்சலூர் காத்து சார். இன்னா வேணா செய்யும்."

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினான். அது அசையவில்லை. குத்தினான், உதைத்தான், கடைசியில் அதற்குத் தாய் தகப்பன் உண்டா என்று விசாரித்தான். சரியாக அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம் கொட்டகையின் தலைக்கு மேலே ஏறிப்போனது. அவன் போட்ட கூச்சல் அவனுக்கே கேட்கவில்லை.

வேதசிரோமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு பத்து. மே மாதத்துப் பன்னிரண்டு பத்து, தகரக் கூரை, கதவு ஒன்று, அதுவும் பூட்டியாகிவிட்டது.

நம் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. வேதசிரோமணி கல்லூரி லேபில் இருபது வருஷம் பையன்களுக்கு ஊசல் ஆட்டிக் காட்டியவர். இப்போது மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் 'தனியார் துப்பறிவாளர்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். எடை தொண்ணூற்றைந்து கிலோ. வாயில் எந்நேரமும் ஒரு பெப்பர்மின்ட். அரிகிருஷ்ணன் அவருடைய உதவியாளன், முன்னாள் பஸ் கண்டக்டர், எடையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கத் தெரியாதவன்.

"மூணு மணிக்கு செங்கல்பட்டு கோர்ட்டுல லாசரஸ் வாயைத் திறந்துடுவார்," என்றார் வேதசிரோமணி. "ரெண்டு மணிக்குள்ள நாம இங்கேர்ந்து வெளியே போகணும். வெறுங்கையோட போனாலும் பிரயோஜனம் இல்லை."

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை கோவளம் உப்பங்கழியில் ஒரு பாய்மரப் படகு கவிழ்ந்து சாலமோன் என்ற இருபத்துநாலு வயசுப் பையன் செத்துப்போனான். திடீரென்று சுழல்காற்று எழுந்தது. பாயை இறக்கியிருந்தால் தப்பியிருப்பான். பாய் இறங்கவில்லை. கயிறு சிக்கிக்கொண்டது.

படகு ராஜகோபாலுடையது. அப்பன் வைத்துவிட்டுப்போன நஞ்சையைப் பிளாட் போட்டு விற்றவர் அவர். பிளாட் போட்டபின் அவருக்கு இரண்டு ஆசைகள் முளைத்தன. ஒன்று வயலின், மற்றது பாய்மரப் படகு. வயலினை அவரே வாசித்தார், அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டார்கள். படகை ஓட்டிப் போட்டிகளில் ஜெயிக்கத்தான் சாலமோனை வைத்துக்கொண்டார். கட்டிக்கொடுத்தது லாசரஸ். விமானம் பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டராக இருந்த மனிதர். அலுமினியக் குழாயில் இருபதடிப் பாய்மரம் செய்து, பாயை ஏற்றி இறக்கும் கயிற்றை மரத்தின் உள்ளேயே ஓடும்படி விட்டிருந்தார். வெளியே தொங்கினால் காற்று அதில் மோதி வேகத்தைக் குறைக்குமாம்.

குழாய்க்குள் ஓடும் கயிறு எங்கே உரசுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் லாசரஸ் அதற்கு மெழுகு தேய்த்தார். கடையில் வாங்கிய மெழுகு இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று கல்லறைகள் மேல் ஜனங்கள் ஏற்றும் மெழுகுவத்திகள் காலையில் கட்டை கட்டையாகக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்து வருஷமெல்லாம் தாழ்ப்பாள், கீல், கயிறு எல்லாவற்றுக்கும் தேய்ப்பது அவர் வழக்கம்.

இப்போது போலீஸ் கவனக்குறைவால் மரணம் என்று கேஸ் போட்டிருக்கிறது. லாசரஸ் மறுக்கவே இல்லை, மூன்று மணிக்குக் கோர்ட்டிலும் ஒப்புக்கொள்ளப்போகிறார். "செத்தவங்களுக்கு ஏத்தின மெழுகை எடுத்துக் கயித்துக்குப் போட்டேன். ஆண்டவர் என் ஞானப்பிள்ளையை எடுத்துக்கிட்டார். குத்தம் என்னுதுதான்," என்கிறார். ஆமாம், சாலமோனுக்கு ஞானஸ்நானத் தகப்பன் அவர்தான். தொட்டியருகே குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவர். அவர் மனைவி அருள்மேரி வேதசிரோமணியின் மாடிப்படியேறி வந்து, "அவர் ஜெயிலுக்குப் போறதுக்குத் துணி மடிச்சு வெச்சிட்டார் சார்," என்று சொல்லி அழுதாள். அதனால்தான் கவிழ்ந்த படகின் பாய்மரத்தைப் பார்க்க இவர்கள் லாசரஸ் வேலை செய்த இந்தக் கொட்டகைக்கு வந்தார்கள், மாட்டிக்கொண்டார்கள்.

"நாம வரது யார் யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் வேதசிரோமணி.

"அருள்மேரி அக்காவுக்குத் தெரியும். கொட்டாய் தொறந்தே கெடக்கும்னு சொன்ன ராஜகோபாலுக்குத் தெரியும். அக்கா பூட்டாது. அப்ப அந்த ஆளுதான். சிம்பிள் சார். கேஸ் முடிஞ்சிது, கதவுதான் தொறக்கல."

"நேத்து பம்மல்ல சாலமோனோட அம்மாவைப் பார்த்தோமே."

"அந்தம்மா பாவம் சார். புள்ள போட்டோவுக்கு மாலை போட்டுக்கினு, கீழ இருந்த கறுப்புப் பொட்டியைத் தடவிக்கினே குந்தினு இருந்தாங்க. ரெண்டு வார்த்தை பேசலை."

வேதசிரோமணி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனிதன் வேலை செய்த இடம். உளிகள் வரிசையாக மாட்டியிருந்தன, ஒரு டின்னில் மண்ணெண்ணெய், துணிக் கந்தை, மூலையில் பத்துப் பதினைந்து செங்கல், அலமாரியில் அந்தப் பிஸ்கட் டப்பா. ஏணி மட்டும் இல்லை. பின்சுவரில் பதினாலடி உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. மரச்சட்டம் உளுத்துப்போய் வெயில் பட்டையாக உள்ளே விழுந்தது.

"இந்தப் பாய்மரத்தைச் சுவத்துல சாத்தினா நீ ஏறிடுவியா?"

"பஸ் மேல லக்கேஜ் ஏத்தினவன் சார் நானு."

இரண்டு பேருமாகப் பாய்மரத்தைத் தூக்கி, நுனி வென்டிலேட்டர் பக்கத்தில் நிற்கும்படி சாத்தினார்கள். அதற்கே வேதசிரோமணியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அரிகிருஷ்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். நாலடி ஏறி அஞ்சடி இறங்கினான். உள்ளங்கை வியர்வையில் அலுமினியம் நழுவியது. மூன்றாவது தடவை வேதசிரோமணியின் தோள் மேல் வந்து உட்கார்ந்தான்.

"இறங்கு."

"ஸ்டாப்பிங் வரட்டும் சார்."

உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். உள்ளே அனல் கொதித்தது. கத்தினால் கேட்கிற தூரத்தில் வீடு இல்லை, பனைமரமும் ஆத்து மணலும்தான். இப்படியே மூன்று மணி ஆகிவிடும் என்று வேதசிரோமணிக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவர் லேபுக்குப் போய்விடுவார், அதாவது மனசுக்குள்.

"அரி, எதுக்கு வந்தோமோ அதையாவது பார்ப்போம். ஒரு செங்கல் எடுத்துட்டு வா."

கயிற்றின் ஒரு முனை பாயைக் கட்டும் முனை. அது மரத்தின் வெளிப்பக்கமாக உச்சிக்குப் போய், அங்கே ஒரு கப்பியில் திரும்பி, மரத்தின் உள்ளே இறங்கி, அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியே வருகிறது. வேதசிரோமணி பாய்க்குப் பதிலாக அந்த முனையில் செங்கல்லைக் கட்டினார். அரிகிருஷ்ணன் அடிக்கயிற்றைப் பிடித்து இழுத்தான். செங்கல் மெதுவாக ஏறியது. அது உச்சியை நெருங்கியபோது கயிற்றில் சிவப்பு நூல் கட்டிய இடம் அடி ஓட்டைக்கு வெளியே வந்தது. பாய் முழுசாக ஏறிவிட்டது என்பதற்கு லாசரஸ் வைத்த அடையாளம்.

"இப்ப கையை விடு."

"தலையில விழப்போது சார், நவுந்துக்கோங்க."

கையை விட்டான். செங்கல் விழவில்லை. பதிமூன்றடி உயரத்தில் அந்தரத்தில் நின்றது.

"யோவ், இன்னாய்யா இது," என்றான் அரிகிருஷ்ணன் செங்கல்லைப் பார்த்து.

"பார்த்தியா. ஏத்தும்போது மனுஷன் இழுக்கறான். கயிறு எவ்வளவு உரசினாலும் கை பலத்துல ஏறிடும், ஒண்ணும் தெரியாது. இறக்கும்போது யாரும் இழுக்க முடியாது. பாய் தன்னோட எடையில தானே இறங்கணும். அந்தக் கொஞ்சம் எடையை உரசல் பிடிச்சு வெச்சுக்கிச்சுன்னா முடிஞ்சுது. ஏறும், இறங்காது. சாலமோனுக்கு நடந்தது இதுதான்."

"அப்ப லாசரஸ் அண்ணன் சொல்றது கரெக்டா? மெழுகுதான் ஒட்டிக்கிச்சா?"

வேதசிரோமணி மரத்தின் உச்சியைப் பார்த்தார். அருள்மேரியிடம் போய், 'ஆமாம்மா, உன் புருஷன் கைதான்' என்று சொல்ல வேண்டியிருக்குமோ? மெழுகு வெயிலில் உருகிக் கப்பியில் உறைந்திருந்தால் அப்படித்தான் சொல்லியாக வேண்டும்.

"இன்னொரு தடவை ஏறு அரி. கப்பியில என்ன இருக்குன்னு பார்."

அரிகிருஷ்ணன் சலித்துக்கொண்டே மரத்தைப் பிடித்தான். ஏறினான். நாலடி தாண்டினான். ஏழடி தாண்டினான். பத்தடியில் நின்று கீழே பார்த்தான்.

"சார், நான் எங்க கீறேன்?"

"பத்தடியில."

"இன்னாத்துக்கு சார் இப்ப வழுக்கல?"

வேதசிரோமணியின் வாயில் பெப்பர்மின்ட் நின்றுவிட்டது. அரை மணிக்கு முன்னால் வழுக்கிய அதே ஆள், அதே மரம், வியர்வையும் அப்போதைவிட இப்போது குறையவில்லை. நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். அவன் கயிற்றைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"இறங்கி வா. கையைக் காட்டு."

அரிகிருஷ்ணனின் உள்ளங்கையில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஏதோ இருந்தது. விரலை மடக்கிப் பிரித்தால் ஒட்டிப் பிரிந்தது. வேதசிரோமணி முகர்ந்து பார்த்தார். டப்பாவிலிருந்து ஒரு மெழுகுக் கட்டையை எடுத்து அதையும் முகர்ந்தார்.

"இது மெழுகு இல்லை. மெழுகு வழுக்கும். இது பிடிக்கும். இதுக்குப் பேர் ராசின். வயலின் வில்லுக்குத் தேய்க்கிற கட்டி. அதைத் தேய்ச்சாத்தான் வில் தந்தியைக் கவ்விப் பிடிக்கும், சத்தம் வரும். தண்ணியில கரையாது, அதான் படகு கவிழ்ந்தும் இன்னும் இருக்கு."

அரிகிருஷ்ணன் கையைத் தட்டினான். தட்டிய கை ஒட்டிக்கொண்டது.

"வயலின் வெச்சிருக்கறது ராஜகோபால். கொட்டாய் அவருது. இன்சூரன்ஸோ இன்னா கர்மமோ. நான் அப்பவே சொன்னேன் சார், கேஸ் முடிஞ்சிதுன்னு."

"கொஞ்சம் இரு."

வேதசிரோமணி கயிற்றை அடி முதல் நுனி வரை விரலால் தடவிக்கொண்டே போனார். ராசின் எல்லா இடத்திலும் இல்லை. சிவப்பு நூலுக்குக் கீழே, வெளியில் நிற்கும் மூன்றடியில் மட்டும் அழுத்தித் தேய்த்திருந்தது. இழுக்கும்போது அதில் கொஞ்சம் உரசி ஓட்டையின் விளிம்பிலும் அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் லாசரஸின் மெழுகு, வழவழவென்று. அந்த மனிதர் ஓர் அங்குலம் விடாமல் தேய்த்திருக்கிறார்.

மண்ணெண்ணெயில் கந்தையை நனைத்து அந்த மூன்றடியில் பாதியையும் ஓட்டையின் விளிம்பையும் துடைத்தார். மீதிப் பாதியை இன்ஸ்பெக்டருக்கென்று விட்டுவைத்தார். துடைத்த இடத்திலும், துடைக்காத பாதிக்கு மேலேயும் கல்லறை மெழுகைத் தேய்த்தார். கயிற்றை அவர் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கொடுத்ததுதான் தாமதம், செங்கல் சர்ரென்று இறங்கி அரிகிருஷ்ணனின் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி மண்ணில் குத்தி நின்றது.

"லாசரஸோட மெழுகு யாரையும் கொல்லலை," என்றார் வேதசிரோமணி. "போ அரி. இப்ப உன் கை ஒட்டும். மேல ஏறி யாரையாவது கூப்பிடு."

அரிகிருஷ்ணன் இந்தத் தடவை படியேறுவதுபோல் ஏறினான். உளுத்த சட்டத்தை முழங்கையால் தட்டிவிட்டு வென்டிலேட்டருக்குள் தலையை விட்டான், தோளை விட்டான், வயிற்றை விட்டான். இடுப்பில் நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"மாட்டிக்கினேன் சார். முன்னால பாதி வெளிய, பின்னால பாதி உங்களாண்ட."

"யாராவது தெரியறாங்களா?"

வேதசிரோமணி நிமிர்ந்து பார்த்தார். மேலே இரண்டு கால்கள் அசையாமல் தொங்கின.

"அரி. ராஜகோபாலா?"

"இல்ல சார்," என்றான் மெதுவாக. "எட்டிப் பார்த்தா வாசப் பக்கம் ஓரமா தெரியுது. ஒரு அம்மா சார். வேலி நிழல்ல குந்திக்கினு செபமாலை உருட்டிக்கினு கீறாங்க. பக்கத்துல ஒரு கொடம் தண்ணி, ரெண்டு டம்ளர். மடியில சாவி."

"யாரு?"

"நேத்து பார்த்தோமே. சாலமோனோட அம்மா. புஷ்பம்மா."

வேதசிரோமணி கீழே இருந்த செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார். நேற்று அந்த வீட்டில் மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே இருந்த கறுப்புப் பெட்டி இப்போதுதான் அவருக்கு உறைத்தது. நீளமாக, ஒரு பக்கம் அகலமாக இருந்தது. வயலின் பெட்டி. உறைக்க வேண்டிய நேரத்தில் உறைக்காமல் போனதற்கு அவர் தன்னையே திட்டிக்கொண்டார், சத்தமாகவே.

பிறகு எழுந்து ஷட்டரிடம் போய் அதன் அருகே மண்ணில் உட்கார்ந்தார்.

"புஷ்பம்மா, நான் வேதசிரோமணி பேசறேன். சாலமோன் கோயில்ல வயலின் வாசிப்பானா?"

வெளியே செபம் நின்றது.

"பாடகர் குழுவுல வாசிப்பான் சார்," என்றது குரல், ஷட்டருக்கு மிக அருகில். "மூணு மணி வரைக்கும் பொறுத்துக்கோங்க. அப்புறம் நானே திறந்துவிடறேன். அடியில சந்து இருக்கு, தண்ணி தரட்டுமா?"

"தண்ணி வேணாம்மா. கயித்துல ராசின் தேய்ச்சது சாலமோன்தான், இல்லையா?"

ஒரு விமானம் வந்து இறங்கிப்போனது. அது போனபிறகு அவள் பேசினாள். எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்தான். பெட்டியைத் திறந்து கட்டியை மட்டும் எடுத்துப் பாக்கெட்டுல போட்டான். வயலின் இல்லாம கட்டி எதுக்குடான்னேன். சும்மாம்மான்னான். சாயங்காலம் பொணமா வந்தான். லாசரஸ் அண்ணன் படகைக் கரைக்கு இழுத்தப்பவே அவர் கையில ஒட்டியிருக்கு. அவருக்குத் தெரியும் சார். ராத்திரி என்கிட்ட வந்து, இதை யார்கிட்டயும் சொல்லாதே புஷ்பம், நான் ஏத்துக்கறேன்னார்."



"அவர் பழியை ஏத்துக்கணும்னு என்னம்மா அவசியம்?"

"உங்களுக்குப் புரியாது சார். போன மாசம் அவனுக்கு நிச்சயம் பண்ணின பொண்ணு வீட்டுல வேணாம்னுட்டாங்க. ஒரு மாசமா சரியா சாப்பிடலை. ஊருக்கே தெரியும். கயிறு இறங்காம இருக்க அவனே கட்டியைத் தேய்ச்சான்னா என்ன பேசுவாங்க? தானா செத்துக்கிட்டான்னு சொல்லுவாங்க. எங்க அண்ணன் கிணத்துல விழுந்தப்ப கல்லறை மதிலுக்கு வெளியே புதைச்சாங்க. மணி அடிக்கலை. சாமியார் வரலை. எங்கம்மா சாகறவரைக்கும் அந்த மதிலைச் சுத்திப் போய்த்தான் மெழுகுவத்தி ஏத்தினாங்க. எம்புள்ளையை உள்ளே வெச்சிருக்கு சார். தோண்டி வெளியே போடச் சொல்றீங்களா?"

வேதசிரோமணிக்குச் சட்டம் தெரியும், உரசல் தெரியும், இதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. இந்தக் கொட்டகையில் அடைபட்டவர்கள் தாங்கள் இரண்டு பேர் மட்டும் இல்லை என்று தோன்றியது. ஆனால் கயிற்றின் மூன்றடி அவர் கையில் இருந்தது. அதை வைத்துத்தான் பேச முடியும்.

"நான் கயித்தைப் பத்தி மட்டும் சொல்றேன், கேளுங்க. கயிறு சிக்கணும்னு நினைக்கறவன் எங்கே தேய்ப்பான்? உச்சிக் கப்பியில தேய்ப்பான், யார் கண்ணுலயும் படாது. சாலமோன் அங்கே தொடலை. கை பிடிச்சு இழுக்கற மூணடியில மட்டும் தேய்ச்சிருக்கான். ஏன்னா லாசரஸ் ஆசையில முழுக் கயித்துக்கும் மெழுகு போட்டுட்டார். பாயைக் கடைசி ஒரு அடி விறைப்பா ஏத்தும்போது கை வழுக்கியிருக்கு. வர ஞாயித்துக்கிழமை போட்டி. வில்லு வழுக்கினா எதைத் தேய்ப்பானோ அதையே எடுத்துட்டுப் போய் இதுக்கும் தேய்ச்சிருக்கான். ஜெயிக்கணும்னு தேய்ச்சிருக்கான்மா. கொஞ்சம் கயித்தோட ஓட்டைக்குள்ள போய் அப்பிக்கும்னு அவனுக்குத் தெரியலை."

"இதெல்லாம் நீங்க சொல்றது," என்றாள் புஷ்பம். "ஊரு நம்புமா?"

"ஊரை விடுங்க. நீங்க நம்பறீங்களா?"

வெளியே செபமாலை மணிகள் மறுபடி உருண்டன. நம்பவில்லை என்று அதிலேயே தெரிந்தது. ஐந்து நாளாக இந்தத் தாய் ஊரை நினைத்து மட்டும் பயப்படவில்லை. தன் பிள்ளை நிஜமாகவே போய்விட நினைத்தானோ என்று தானே சந்தேகப்பட்டு, அதை யாரிடமும் கேட்க முடியாமல் வெந்துகொண்டிருக்கிறாள். வேதசிரோமணி இன்னும் கொஞ்சம் ஷட்டர் பக்கம் நகர்ந்தார்.

"அவனைக் குளிப்பாட்டினது யாரு?"

"நான்தான்."

"கையைக் கழுவினீங்களா?"

"கழுவினேன்."

"உள்ளங்கை எப்படிம்மா இருந்தது?"

பதில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"தோலே இல்ல சார். ரெண்டு கையிலயும். விரல் மடக்குல சதை தெரிஞ்சுது. நான் பஞ்சு வெச்சு..." நிறுத்தினாள். மறுபடி ஆரம்பித்தபோது குரல் வேறாக இருந்தது. "காலையில அந்தக் கை நல்லா இருந்துச்சு. எனக்குத் தோசை ஊத்திக் குடுத்தான்."

"பாய் ஏத்தினா அப்படி உரியாதும்மா. சிக்கின கயித்தோட மல்லுக்கட்டினாத்தான் உரியும்."

"இறக்கப் பார்த்திருக்கான்," என்றாள் புஷ்பம்.

"ஆமாம்மா."

"அத்தனை தோல் போறவரைக்கும் இறக்கப் பார்த்திருக்கான்."

பிறகு அவள் அழுதாள். ஐந்து நாள் அழுகையும் அந்த ஷட்டர் மேல் மோதியது. வேதசிரோமணி அந்தப் பக்கமிருந்து தகரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, அதற்கு மண்ணெண்ணெய் காரணமில்லை.

சாவி திரும்பியது. ஷட்டர் ஏறியது. வெயில் உள்ளே வந்து விழுந்தது.

மணி ஒன்று நாற்பது.

"நான் வந்து சொல்றேன் சார்," என்றாள் புஷ்பம், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "லாசரஸ் அண்ணன் வாயைத் திறக்கறதுக்குள்ள போகணும்."

"போகலாம்," என்றது மேலிருந்து ஒரு குரல். "யாராவது என்னை இந்த ஜன்னல்லேர்ந்து கழட்டினீங்கன்னா."

வேதசிரோமணி டப்பாவிலிருந்து ஒரு மெழுகுக் கட்டையை எடுத்து அவன் கைக்கு எட்டும்படி வெளியே போய் எறிந்தார். மூன்றாவது எறியில் பிடித்தான். இடுப்பைச் சுற்றியும் கல் விளிம்பிலும் தேய்த்துக்கொண்டு ஒரு நெளி நெளிந்தான். லுங்கியில் பாதியை வென்டிலேட்டருக்குக் காணிக்கையாக விட்டுவிட்டு வெளிப்பக்கம் மணல்மேட்டில் வந்து விழுந்தான்.

"ஸ்கூட்டர்ல ரெண்டு பேருக்குத்தான் இடம்," என்றார் வேதசிரோமணி. "நீ இவங்களைக் கூட்டிட்டுப் போ. நான் பாய்மரத்தோட இருக்கேன். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கறவரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது. ஷட்டரைப் பூட்டிட்டுப் போ."

"உங்களை உள்ள வெச்சா?"

"ஆமா. அந்தக் குடத்தைக் கொடுத்துட்டுப் போ."

ஜி.எஸ்.டி ரோட்டில் அந்த லாம்பிரெட்டா அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. தாம்பரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் எல்லாம் பின்னால் போயின. கிழிந்த லுங்கியும் பிசுக்குக் கையுமாக ஓட்டிய அரிகிருஷ்ணன், வாழ்நாளில் முதல் தடவையாக நாற்பது கிலோமீட்டர் வாய் பேசாமல் போனான். பின்னால் உட்கார்ந்திருந்தவளின் உதடு மட்டும் அசைந்துகொண்டே வந்தது.

கோர்ட் ஹாலில் மின்விசிறி சத்தம்தான் பெரிதாக இருந்தது. லாசரஸ் கூண்டில் நின்றார். நாலு நாள் தாடி, தோய்த்த வெள்ளைச் சட்டை. குமாஸ்தா குற்றச்சாட்டைப் படித்து முடித்தார். மாஜிஸ்டிரேட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?"

"ஒப்புக்கறேன் ஐ..."

"அண்ணா, வேணாம்."

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. லாசரஸ் புஷ்பத்தைப் பார்த்தார். போய்விடு என்று தலையை அசைத்தார். கும்பிட்டுக்கூடக் கெஞ்சினார். அவள் நிற்கவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நேராக நடந்து வந்து கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் கையை நான் கழுவினேன் அண்ணா," என்றாள். "உங்களுக்குத் தெரியாது. எம்புள்ள பொழைக்கத்தான் பார்த்திருக்கான்."

லாசரஸின் வாய் திறந்தபடியே நின்றது. அப்புறம் அந்தக் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து, ஐந்து நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

கோர்ட் டவாலி அவளை விலக்க ஓடிவந்தான். மாஜிஸ்டிரேட் அவனைக் கையமர்த்தினார்.

"நீங்க யாரம்மா?"

"சாலமோனோட அம்மா," என்றாள் புஷ்பம். "எம்புள்ள எப்படிப் போனான்னு சொல்ல வந்திருக்கேன்."